கூகுள்ல உங்க கடை வரலியா, காசு குடுக்குறதுக்கு முன்னாடி இதப் பாருங்க

போன மாசம் மார்த்தாண்டம் பக்கத்துல தேன் யாவாரம் பண்ற ஒரு அண்ணாச்சி போன் பண்ணாரு. "மக்கா, சைட்டு போட்டு நாலு மாசம் ஆச்சு, கடை பேர முழுசா அடிச்சாலும் கூகுள்ல வரமாட்டேங்கு, ஒருத்தன் போன் பண்ணி 15,000 ரூவா குடுங்க முதல் பக்கத்துல கொண்டு வந்திருவேன், கேரண்டிங்கான், குடுக்கவா?"ன்னு கேட்டாரு. ஒரு பைசா குடுக்காதீங்க, நாளைக்கு வாறேன்னு சொல்லி வச்சேன்.

மறுநாள் அவரு கடையில தேன் பாட்டில் அடுக்கிக் கெடந்த மேசையில லேப்டாப்ப வச்சி, கூகுள்ல இங்கிலீஷ்ல சைட்னு அடிச்சி, ஒரு கோலன் (:) போட்டு, எடைவெளி விடாம அவரு சைட்டோட அட்ரஸ அடிச்சேன். உங்க சைட்டுல எந்தெந்தப் பக்கம் கூகுள் கைவசம் இருக்குன்னு இது ஓரளவுக்கு காட்டிக் குடுக்கும், நீங்களும் இப்பவே அடிச்சிப் பாக்கலாம். ஒரு பக்கம் கூட வரல. சரின்னு அந்த சைட்ட கட்டுன வேர்ட்பிரஸ்ங்குற சாஃப்ட்வேர் உள்ள போயி செட்டிங்ஸ்ல ரீடிங்க தொறந்தா, சர்ச் என்ஜின் இந்த சைட்ட எடுக்காண்டாம்னு சொல்ற சின்ன கட்டத்துல டிக் கெடக்கு. அம்புட்டுதான் வியாதி. சைட்டு பண்றவங்க வேலை முடியுற வரைக்கும் அரைகுறையா வெளிய தெரியாண்டாம்னு அந்த டிக்க போட்டு வைப்பாங்க, முடிச்சிட்டு எடுக்க மறந்துருவாங்க. அண்ணாச்சி சைட்டு போட்டுக் குடுத்த பையன ஏச ஆரம்பிச்சிட்டாரு, நான் வாயே தொறக்கல, ஏன்னா நானும் ஒரு தடவ கன்னியாகுமரியில ஒரு ஹோம்ஸ்டேக்கு சைட்டு போட்டுக் குடுத்து இதே டிக்க எடுக்க மறந்து, ஐயப்ப சீசன் பாதி போன பொறவுதான் கண்டுபிடிச்சேன். அந்த மனுசன் இன்னைக்கும் என்னப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கிடுவாரு.

இது எப்படி நடக்குன்னு கொஞ்சம் வெளங்கிக்கிட்டா யாரும் உங்கள ஏமாத்த முடியாது. கூகுளோட பாட், அதாவது தானா சைட்டு சைட்டா சுத்துற ஒரு புரோகிராம், ஒரு லிங்க்ல இருந்து இன்னொரு லிங்க்குன்னு புடிச்சிப் போயிக்கிட்டே இருக்கும், போற எடத்துல உள்ளதப் படிக்கும், பிடிச்சா இன்டெக்ஸ்ங்குற தன் பட்டியல்ல சேக்கும், நாம தேடுறப்ப அந்த இன்டெக்ஸ்ல இருந்துதான் எடுத்துக் காட்டும். காசு வாங்கிட்டு அடிக்கடி வந்து பாக்குறதும் கிடையாது, மேல ஏத்தி விடுறதும் கிடையாதுன்னு கூகுளே சொல்லிருக்கு, முதல் எடத்துக்கு யாராலயும் கேரண்டி குடுக்க முடியாதுன்னும் எழுதி வச்சிருக்கு. விளம்பரம் குடுத்தா மேல வரும், ஆனா அது விளம்பரம்னு போட்டுத்தான் வரும், அது வேற கணக்கு.

டிக்க எடுத்த பொறவு, நம்ம சைட்டு கூகுள்ல எப்படி இருக்குன்னு காட்டுற கூகுளோட சர்ச் கன்சோல்ல அண்ணாச்சி பேருல ஒரு கணக்கு தொறந்தோம், ஃப்ரீதான். சைட்டு நம்மளுதுன்னு நிரூபிச்சி, சைட்டுல உள்ள பக்கமெல்லாம் அடங்குன பட்டியலான சைட்மேப் குடுத்து, முகப்புப் பக்கத்துக்கு மட்டும் இன்டெக்ஸ் பண்ணச் சொல்லி ஒரு ரிக்வெஸ்ட். சைட்மேப்புக்கு பிளகின்னு தனியா ஒரு துணைப் புரோகிராம் தேட வேண்டியதில்ல, 2020 ஆகஸ்ட்ல வந்த வேர்ட்பிரஸ் 5.5-ல இருந்து அதுவே போட்டுக் குடுக்கும், ஆனா அந்தப் பழைய டிக் இருந்தா அதுவும் வராது பாத்துக்கிடுங்க. ரிக்வெஸ்ட் பட்டன ஒரே பக்கத்துக்கு பத்து வாட்டி அமுக்குனாலும் வேகம் கூடாது, சில நாளும் ஆகலாம் சில வாரமும் ஆகலாம். மைக்ரோசாஃப்ட்டோட சர்ச் என்ஜின் பிங்குக்கும் இதே மாதிரி ஒண்ணு இருக்கு, சர்ச் கன்சோல்ல இருந்தே இம்போர்ட் பண்ணிக்கிடலாம், அஞ்சு நிமிச வேலை.

500 பேக்லிங்க், அதாவது வேற சைட்டுல இருந்து உங்க சைட்டுக்கு வார லிங்க், 2,000 ரூவான்னு மெயில் வந்தா அப்படியே அழிச்சிருங்க. 2012 ஏப்ரல்ல கூகுளோட பென்குயின் அப்டேட்டுன்னு ஒண்ணு வந்து இந்த மாதிரி லிங்க் வாங்குன சைட்டுகளத்தான் கீழ தள்ளிச்சி. மெட்டா கீவேர்ட், அதாவது பக்கத்தோட கோடுக்குள்ள மறைச்சி வைக்குற தேடல் வார்த்தை, போடணும்னு இன்னும் காசு கேக்குறவன் இருக்கான், அதப் பாக்குறதே இல்லன்னு கூகுள் 2009-லயே சொல்லிட்டு.

நம்ம ஊருக்குன்னே ஒரு வியாதி உண்டு. தக்கலையில ஒரு வர்ம ஆசான் சைட்டு. நல்ல நல்ல விஷயமா எழுதியிருக்காரு, ஆனா டிடிபி கடையில டைப் பண்ணது, எல்லாம் பாமினி ஃபான்ட், இங்கிலீஷ் எழுத்துக்கு மேல தமிழ் உருவத்தப் போத்துன பழைய ஃபான்ட். கண்ணுக்குத்தான் அது தமிழு, கூகுள் பாக்குறது வேற. தமிழ்ங்குற ஒரு வார்த்தையே அதுக்கு ஜே, கே, பி, ஓ, ஒரு செமிகோலன்னுதான் தெரியும், வர்மம்னு யாரு தேடுனாலும் அது எப்படி மாட்டும் சொல்லுங்க. தமிழ் எழுத்த தமிழாவே வச்சிக்கிடுற யூனிகோடுக்கு மாத்துறதுக்கு கன்வெர்ட்டர் நெட்ல சும்மாவே கெடைக்கு. எழுதுனத ஒரு போஸ்டர் படமாப் போடுறதும் ஏறக்குறைய இதே கதைதான், எழுத்த எழுத்தாவே போடுங்க.

அண்ணாச்சி சைட்டுக்கு வாறேன். முகப்புப் பக்கம் மூணாம் நாளே வந்திட்டு, மத்தது வரல. உள்ள பாத்தா தேனோட பத்து நன்மைன்னு எங்கயோ இருந்து எடுத்து ஒட்டியிருக்கு, அதே வரி நூறு சைட்டுல கெடக்கு, கூகுளுக்கு அதச் சேத்து என்ன பிரயோஜனம்? உங்களுட்ட தெனமும் கஸ்டமர் என்ன கேப்பாங்கன்னு கேட்டேன். "தேன் உறைஞ்சி போச்சே கலப்படமான்னு கேப்பான், அதுக்குப் பதில் சொல்லியே தொண்ட வத்திப் போச்சு"ன்னாரு. அத எழுதுங்கன்னேன். நம்ம மாவட்டத்துல ரப்பர் மரம் எலை உதிர்ந்து தளிர் விடுற சமயத்துல, எலைக்காம்புல ஊறுற தேனத்தான் தேனீ எடுக்கு, பூவுல இருந்து இல்ல, இந்தத் தேன் வேகமா உறையும், வெந்நியில பாட்டில வச்சா எளகிரும்னு அவரு வாய்ல சொல்லச் சொல்ல நான் டைப் அடிச்சேன். 2023-ல மார்த்தாண்டம் தேனுக்கு புவிசார் குறியீடு கெடச்சதையும் சேத்தோம். அந்தப் பக்கம் பத்து நாளுல ஏறிட்டு, அதப் படிச்சிட்டு கோயம்புத்தூர்ல இருந்து ஒருத்தங்க கூப்பிட்டாங்களாம்.

அந்தப் பத்து நன்மை பக்கம் மட்டும் இன்னும் சர்ச் கன்சோல்ல படிச்சாச்சு, சேக்கலன்னுதான் காட்டிக்கிட்டு கெடக்கு. எடுத்துரலாம் அண்ணாச்சின்னா, "கெடந்துட்டுப் போகட்டும் மக்கா, பாக்க நல்லாத்தான இருக்கு"ங்காரு.