சாமிக் குதிரையின் வயிற்றுக்குள்

அவிநாசிப் பக்கத்திலிருந்து வந்திருந்த அந்தப் பெண்ணின் கை விரல்களைத்தான் நான் முதலில் பார்த்தேன். நகக்கண்களில் வெள்ளையாக ஏதோ இறுகிப்போயிருந்தது. சுண்ணாம்பா என்று கேட்டேன். “இல்லைங்க டாக்டரம்மா, ஜெல்கோட். ஃபைபர் சிலையின் மேல்பூச்சுங்க. எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது” என்றார். அவர் சிற்பி. அண்ணன்மார் கோயில்களுக்கும் கருப்பராயன் கோயில்களுக்கும் ஃபைபரில் குதிரை செய்து கொடுக்கிறார். கல்யாண மண்டப வாசலுக்கு யானை, பள்ளிக்கூடத்துக்குச் சரஸ்வதி என்று எது கேட்டாலும் செய்வார். பதினோரு வருடத் தொழில். ஆறு மாதமாக இருமல், மாடிப்படி ஏறினால் இளைப்பு.

ஞாயிற்றுக்கிழமை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். யோசித்துவிட்டு, “அன்றைக்குக் கொஞ்சம் தேவலைங்க. பட்டறைக்குப் போனால் சாயங்காலமே திரும்ப வந்துவிடுகிறது” என்றார்.

கோயம்புத்தூரில் நெஞ்சக நோய் பார்க்கும் எவருக்கும் இந்தக் கேள்வி பழக்கமானது. பஞ்சாலைத் தொழிலாளர்களுக்கு விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் நாளில் நெஞ்சு இறுகும். பஞ்சுத் தூசியால் வரும் நோயின் அடையாளம் அது. இந்தப் பக்கத்தில் பஞ்சு நுரையீரலைக் கெடுக்கும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் சிலை செய்கிறவருக்கும் அதே கதி நேரலாம் என்று யாரும் நினைப்பதில்லை. சாமி காரியம், கலை வேலை என்று கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

அன்று அவருக்கு இன்னொரு பெண் சிற்பியைப் பற்றிச் சொன்னேன். நிக்கி த சான் ஃபால். 1930-இல் பிரான்சில் பிறந்து நியூயார்க்கில் வளர்ந்தவர். இளம் வயதில் பத்திரிகை அட்டைகளில் மாடலாக வந்தார். 1953-இல் மனம் நொறுங்கி மருத்துவமனையில் இருந்த காலத்தில்தான் ஓவியத்தை இறுகப் பற்றிக்கொண்டார். எந்தக் கலைக் கல்லூரியிலும் படித்தவரல்லர். 1961-இல், சாயப் பைகளைச் சாந்துக்குள் புதைத்து வெள்ளைப் பூச்சுப் பூசி, துப்பாக்கியால் சுட்டு நிறத்தை வழியவிட்ட படைப்புகளால் உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது. பிறகு வந்தவை ‘நானா’க்கள். பெருத்த தொடையும் சின்னத் தலையுமாக, ஒற்றைக் காலில் ஆடும் பெண்கள். நம் ஊர்க் கன்னிமார் சிலைகளுக்குப் பூசுகிற அதே பளீர்ப் பச்சை, அதே ரோஸ். 1966-இல் ஸ்டாக்ஹோமில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணைப் பிரம்மாண்டமாகப் படுக்கவைத்தார். மக்கள் அவள் உடலுக்குள் நடந்து போய்ப் பார்த்தார்கள். பெண்ணுடலைக் கூச்சமில்லாமல் இவ்வளவு பெரிதாக, இவ்வளவு மகிழ்ச்சியாகச் செய்த சிற்பி எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

அந்த மகிழ்ச்சிக்கு அவர் கொடுத்த விலைதான் என் போன்ற மருத்துவரை உறுத்துகிறது. தெர்மோகோல் கட்டிகளைச் சூட்டுக் கம்பியால் அறுத்து உருவம் எடுத்தார். அதன்மேல் பாலியெஸ்டர் ரெசின் என்ற செயற்கைப் பிசினைப் பூசினார். சுட்ட தெர்மோகோலின் புகை, ரெசினின் ஆவி, காய்ந்த பின் தேய்க்கும்போது பறக்கும் தூள் எல்லாம் வருடக்கணக்கில் உள்ளே போயின. 1974-இல் நுரையீரல் பாதித்து மருத்துவமனையில் கிடந்தார். உடம்பு தேற சுவிட்சர்லாந்து மலைக்குப் போன இடத்தில் பழைய தோழி ஒருவரைச் சந்தித்தார். அந்தச் சந்திப்பின் வழியாகத்தான் இத்தாலியின் டஸ்கனியில் நிலம் கிடைத்தது. அங்கே குறி பார்க்கும் டாரட் சீட்டுகளின் 22 உருவங்களையும் கம்பி கட்டி, சிமெண்ட் பூசி, கண்ணாடிச் சில்லும் பீங்கான் ஓடும் பதித்து எழுப்பினார். ‘பேரரசி’ சிலைக்குள்ளேயே படுக்கையும் சமையலறையும் அமைத்துப் பல வருடங்கள் குடியிருந்தார். தோட்டம் 1998-இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. அதற்குள் மூட்டுவாதமும் சேர்ந்துகொண்டது. உடம்புக்காகக் கலிஃபோர்னியாவில் குடியேறியிருந்தார். 2002 மே மாதம் அங்கேயே மூச்சு அடங்கியது. மூட்டுவாதமும் நுரையீரலைத் தொடும் நோய்தான். ஆனாலும் தன் நெஞ்சைக் கெடுத்தது பாலியெஸ்டர் வேலை என்பதை நிக்கி தெளிவாகவே சொல்லியிருக்கிறார்.

அலைபேசியில் நானாவின் படத்தைக் காட்டினேன். வந்தவர் நோயை மறந்துவிட்டார். படத்தைப் பெரிதாக்கி, “ஒற்றைக் காலில் இவ்வளவு கனம் நிற்கிறதே, உள்ளே கம்பி எப்படிக் கொடுத்திருப்பார்?” என்று கேட்டார். பிறகு, நான் கேட்காமலே, தன் வேலையைச் சொல்ல ஆரம்பித்தார். குதிரை ஆளுயரத்துக்கு மேல் இருந்தால், வயிற்றுக்குள் ஓர் ஆள் நுழைந்துதான் கண்ணாடி இழை மேட் ஒட்டி ரெசின் பூச வேண்டும். மற்றவர்களை விட ஒல்லியாக இருப்பதால் எப்போதும் உள்ளே போவது அவர்தான். முகத்தில் ஈரத் துண்டு கட்டிக்கொள்வாராம்.

அந்த இடத்தில் நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

ரெசினிலிருந்து கிளம்பும் ஸ்டைரீன் ஆவி காற்றை விடக் கனமானது. பள்ளத்திலும் மூடிய இடத்திலும் தங்கும். குதிரையின் வயிறு அதற்குக் கிணறு மாதிரி. தலைவலியும் கிறுகிறுப்பும் முதலில் வரும். கண்ணும் தொண்டையும் எரியும். 2018-இல் உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை இதை மனிதர்களுக்குப் பெரும்பாலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருள்களின் வரிசையில் வைத்தது. ஈரத் துண்டு ஆவியைத் தடுக்காது. கடையில் வாங்கும் என்95 முகக்கவசமும் தடுக்காது. அது தூசிக்கு மட்டுந்தான். கரிம ஆவிக்கென்றே கார்ட்ரிட்ஜ் என்ற வடிகட்டி பொருத்திய ரப்பர் முகக்கவசம் வேண்டும். வாடை உள்ளே வர ஆரம்பித்தால் கார்ட்ரிட்ஜை மாற்றிவிட வேண்டும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: ரெசின் இறுகுவதற்காகச் சேர்க்கும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் ஒருபோதும் நேருக்கு நேர் கலக்காதீர்கள். வெடிக்கும். ரெசினில் கோபால்ட்டைக் கலக்கி முடித்த பிறகே கேட்டலிஸ்ட். அது கண்ணில் தெறித்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதற்கு முன்னால் கால் மணி நேரமாவது குழாய்த் தண்ணீரில் கண்ணைக் கழுவுங்கள்.

கல்லில் வேலை செய்கிறவர்களின் நிலைமை இதைவிடக் கொடியது. சுந்தரர் பொன்னைப் பறிகொடுத்துப் பாடிய திருமுருகன்பூண்டியில் இன்று சாலையோரம் முழுக்கச் சிற்பப் பட்டறைகள். உளியும் சுத்தியலுமாக இருந்தவரை தூள் கரடாக இருந்தது, காலடியில் விழுந்தது. கட்டிங் மெஷின் வந்த பிறகு வேலை வேகமாகிவிட்டது, தூளும் மாவாகிவிட்டது. கருங்கல்லில் குவார்ட்ஸ் உண்டு. அதன் நுண்தூள் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்த் தங்கி, தழும்பு தழும்பாக இறுக்கிவிடும். அதுதான் சிலிக்கோசிஸ். தழும்பை மாற்ற மருந்து கிடையாது. வேலையை விட்ட பிறகும் நோய் வளரலாம்.

சில வருடங்களுக்கு முன் ஓர் அம்மா வந்தார். கணவர் செதுக்கிய சிலைகளுக்கு இருபது வருடமாகப் பாலிஷ் போட்டவர். வேறோர் இடத்தில் எக்ஸ்ரேயைப் பார்த்தவுடனே காசநோய் என்று சொல்லி, சளியில் கிருமி இல்லாமலே எட்டு மாதம் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். என்ன வேலை செய்கிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. ‘வீட்டில் இருக்கிறார்’ என்றே சீட்டில் எழுதியிருந்தது. எனக்கு இன்றும் அந்த வரியின் மேல் கோபம் தீரவில்லை. உளி பிடித்தவர் சிற்பி. பக்கத்தில் உட்கார்ந்து அதே தூளைச் சுவாசித்தவர் இல்லத்தரசி! சிலிக்கா தங்கிய நுரையீரலில் காசநோய் எளிதாகத் தொற்றும் என்பதும் உண்மை. அதனால்தான் சளிப் பரிசோதனையும் வேண்டும், தொழில் விவரமும் வேண்டும். ஒன்றை விட்டு ஒன்று போதாது. சட்டப்படி இழப்பீடு கேட்கக்கூடிய தொழில்நோய்களின் பட்டியலில் சிலிக்கோசிஸ் இருக்கிறது. சீட்டில் தொழில் எழுதப்படாதவர் எதைக் காட்டி உரிமை கேட்பார்?

ஆகவே கல் பட்டறைக்காரர்களே, அறுக்கும் இடத்தில் தண்ணீர் விடுங்கள். அதற்கென்றே உள்ள மெஷினை வாங்குங்கள், சாதா மின்மெஷினில் தண்ணீர் ஊற்றினால் ஷாக் அடிக்கும். தூளைப் பெருக்காதீர்கள், நனைத்து வழியுங்கள். பட்டறைச் சேலையோடு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்காதீர்கள். வருடம் ஒரு முறை, நுரையீரலின் திறனை அளக்கும் ஊதல் சோதனை செய்துகொள்ளுங்கள். எந்த மருத்துவரிடம் போனாலும், அவர் கேட்காவிட்டாலும், “நான் சிலை வேலை செய்கிறேன், இத்தனை வருடமாக” என்று நீங்களே சொல்லுங்கள்.

குதிரை செய்யும் பெண் மூன்றாவது முறை வந்தபோது ஊதல் சோதனையின் அளவு ஏறியிருந்தது. முகக்கவசம் வாங்கிவிட்டார். மேட் ஒட்டும் வேலையைப் பட்டறைக்குள்ளிருந்து புளியமரத்தடிக்கு மாற்றிவிட்டார். அதற்கு மேலும் ஒன்று செய்திருந்தார், என் புத்திக்கு எட்டாதது. அலைபேசியை நீட்டி, புதிதாக முடித்த வெள்ளைக் குதிரையைக் காட்டினார்.

“இனி உள்ளே யாரும் போக வேண்டியதில்லைங்க. உடம்பை இரண்டு பாதியாக வார்த்து, வெளியே வைத்தே சேர்த்துவிட்டேன்.”

இணைத்த இடம் எங்கே என்று தேடினேன், தெரியவில்லை. அவர் விரலை வைத்துக் காட்டினார். வயிற்றைச் சுற்றி ஓடிய சிவப்புச் சேணப் பட்டைக்கு அடியில் இருந்தது.