லேப் சிஸ்டத்தில் யாருடைய மனசை விட்டுவிட்டு வந்தீர்கள்?

ஒரு திங்கட்கிழமை காலை, எங்கள் உளவியல் துறையின் கம்ப்யூட்டர் லேபில் ஏழாம் நம்பர் சிஸ்டத்தைப் போட்டேன். டெஸ்க்டாப்பின் நட்டநடுவில் 'ஃபைனல் நியூ 2' என்று ஒரு எக்ஸெல் ஃபைல். யாருடையது என்று பார்க்கத்தான் திறந்தேன். பெயர், போன் நம்பர், விடுதி அறை எண், அதற்கடுத்து ஒன்பது கேள்விகளுக்கான மதிப்பெண்கள். பி.எச்.க்யூ-9 என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

உளவியல் படிப்பவர்களுக்கு இது பழகிய கேள்வித்தாள். கடந்த இரண்டு வாரங்களில் மனச்சோர்வு, தூக்கக் குறைவு, களைப்பு எந்த அளவுக்கு இருந்தது என்று கேட்கும். ஒவ்வொரு பதிலுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். செத்துப்போனால் தேவலை என்றோ, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ தோன்றியதா என்பது ஒன்பதாவது கேள்வி. அந்தப் பத்தியில் வரிசையாக 0, 0, 0. நடுவில் ஓரிடத்தில் 3. அதாவது, ஏறக்குறைய தினமும். அதே வரியில் ஒரு பெண்ணின் பெயர், நம்பர், அறை எண். சனிக்கிழமை அந்த சிஸ்டத்தில் மட்டும் ஐந்தாறு பேராவது உட்கார்ந்திருப்பார்கள்.

ஃபைலுக்குச் சொந்தக்காரியைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆனது. எம்.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு மாணவி, நன்றாகப் படிக்கிறவள். "பென் டிரைவ் எடுக்கல மேம், அதான் டெஸ்க்டாப்லயே போட்டுட்டேன்" என்றாள். ஒன்பதாவது கேள்வியைப் பார்த்தாயா என்று கேட்டேன். "டோட்டல் மட்டும்தான் மேம் போட்டேன்."

அந்த இரண்டாவது பதில்தான் என்னை அதிகம் உலுக்கியது. அவளுடைய கைடிடம், அதாவது ஆய்வு வழிகாட்டியிடம், பேசினோம். 3 என்று பதில் தந்திருந்த பெண்ணை அன்றே கல்லூரி ஆலோசகர் சந்தித்தார். அதற்கு மேல் அவரைப் பற்றி இங்கே எழுத மாட்டேன்.

பதினோரு வருடமாகப் புள்ளியியல் பாடமும் லேப் பொறுப்பும் என்னிடம் இருக்கின்றன. நான் படித்த காலத்தில் உளவியல் லேப் என்றால் மர அலமாரி: மெமரி டிரம், முல்லர்-லையர் பலகை, ஸ்டாப் வாட்ச். சோதனைக்கு உட்கார்ந்தவரின் பெயரை ரெக்கார்டு நோட்டில் எழுதக் கூடாது. முதலெழுத்து, வயது, பாலினம், அவ்வளவுதான். முழுப் பெயர் எழுதியவர்களின் நோட்டு திரும்பி வந்துவிடும். கம்ப்யூட்டர் வந்தபோது அலமாரியோடு சேர்ந்து அந்தப் பழக்கமும் போய்விட்டது. கூகுள் ஃபார்ம் கேட்காமலே எல்லாவற்றையும் வாங்கித் தருகிறதே!

ஃபார்மின் முதல் பக்கத்தில் 'உங்கள் அடையாளம் வெளியிடப்படாது, பெயர் தேவையில்லை' என்று ஒப்புதல் வாசகம் இருக்கும். செட்டிங்ஸில் மின்னஞ்சல் சேகரிப்பு ஆன் ஆகியிருக்கும். இதை வருடத்துக்கு நாலு பேரிடமாவது பார்க்கிறேன். பெயரை எடுத்துவிட்டாலும் முடிந்துவிடாது. நாற்பது பேர் படிக்கும் வகுப்பில் துறை, வயது, சொந்த ஊர், விடுதியா வீடா என்று நான்கையும் கேட்டால் ஆளைக் கண்டுபிடிக்கப் பெயர் எதற்கு?

அப்படியானால் அடையாளமே வாங்காமல் விட்டுவிடலாமா? அந்தத் திங்கட்கிழமை அந்தப் பெண்ணை எட்ட முடிந்ததே நம்பர் இருந்ததால்தான். தற்கொலை எண்ணத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டுவிட்டு, 'ஆம்' என்றவரை எட்ட வழியே இல்லாமல் வைத்துக்கொள்வது எனக்குச் சம்மதமில்லை. எங்கள் துறையில் இப்போது இப்படிச் செய்கிறோம். பங்கேற்பவருக்கு ஒரு குறியீட்டு எண். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் காகிதத்தில், கைடின் பூட்டிய அலமாரியில். லேப் சிஸ்டத்துக்கு வரும் ஃபைலில் எண் மட்டும். பதில்கள் வரவர அன்றன்றே ஒன்பதாவது கேள்வியைப் பார்த்தாக வேண்டும். 0 தவிர எது இருந்தாலும் கைடுக்குப் போன். தேவைப்பட்டால் தொடர்பு கொள்வோம் என்பதை ஒப்புதல் வாசகத்திலேயே சொல்லிவிடுகிறோம். பெயரில்லாமல்தான் செய்தாக வேண்டிய ஆய்வு என்றால், கடைசிப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி 14416. டெலி மானஸ், 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலும் பேசலாம்.

மனநோய் உள்ளவரின் தகவல்கள் ரகசியமாகக் காக்கப்படுவது அவருடைய உரிமை என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 23ஆம் பிரிவில் சொல்கிறது. மாணவர் ப்ராஜெக்ட் சிகிச்சை அல்லதான். ஆனால் நாளைக்கு ஆலோசகர் நாற்காலியில் உட்காரப்போகிறவர்களுக்கு அந்தப் பழக்கம் இங்கேதான் வர வேண்டும்.

பொது சிஸ்டத்தில் மறந்து விடுபவை எக்ஸெல் ஃபைல் மட்டுமல்ல. டவுன்லோட்ஸ் ஃபோல்டரை யாரும் நினைப்பதே இல்லை. வாட்ஸ்அப் வெப் திறந்தபடி கிடக்கும். வீட்டுக்குப் போனபின் ஞாபகம் வந்தாலும் பதற வேண்டாம்: போனில் வாட்ஸ்அப்பின் 'லிங்க்டு டிவைசஸ்' பகுதியிலிருந்து வெளியேற்றிவிடலாம், கூகுள் கணக்கையும் அதன் பாதுகாப்புப் பக்கத்தில் 'யுவர் டிவைசஸ்' என்ற இடத்திலிருந்து வெளியேற்றலாம். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு, அணைத்துப் போட்டால் சிஸ்டம் பழையபடி சுத்தமாகிவிடும் மென்பொருள் ஒன்றைப் போட்டோம். மூன்றாவது நாளே ஒருத்தர் நாலாவது அத்தியாயத்தை டெஸ்க்டாப்பில் சேமித்துவிட்டுச் சாப்பிடப் போனார். கரண்ட் போய் வந்தது. அத்தியாயம் வரவில்லை. டெஸ்க்டாப்பில் சேமித்தால் போய்விடும் என்று கதவிலேயே ஒட்டியிருந்தோம், யார் படிக்கிறார்கள்?

இன்னொரு இடத்துக்கும் இந்த டேட்டா போகிறது, அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளில் அனாலிசிஸைக் காசுக்குச் செய்து தரும் கடைகள். கடைசி வாரத்தில் பயந்துபோய், பெயர், நம்பரோடு மொத்த ஃபைலையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்கள். டேபிள் அழகாக வந்துவிடும். வைவாவில் "ஏன் டி-டெஸ்ட் போட்டீங்க?" என்றால் கைடு முகத்தைப் பார்ப்பார்கள். சோம்பேறித்தனம் என்று இதைத் திட்டிவிடுவது சுலபம். நான் பார்த்தவரை அது கூச்சம். 'இதுகூடத் தெரியாதா' என்று கேட்டுவிடுவார்களோ என்ற பயம்.

உண்மையில் லேபுக்கு வரும் சந்தேகங்களில் பாதி இரண்டே இரண்டு தவறுகள். ஒருவர் ரோசன்பெர்க் தன்மதிப்பு அளவுகோலைக் கொடுத்துவிட்டு வந்து, "ஆல்ஃபா மைனஸ்ல வருது மேம், டேட்டாவே போச்சு" என்று கண் கலங்கினார். கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று காட்டும் எண்தான் ஆல்ஃபா. அந்த அளவுகோலில் உள்ள பத்து வாக்கியங்களில் ஐந்து எதிர்மறையானவை. அவற்றைத் திருப்பி மதிப்பிட வேண்டும். 1 முதல் 4 வரை என்றால் 5லிருந்து கழித்தால் போதும். பத்து நிமிட வேலை. இன்னொருவர் 120 பேரிடம் வாங்கிய பதில்களில், விடுபட்ட மூன்று இடங்களில் 99 என்று போட்டிருந்தார். போடலாம், தவறில்லை. ஆனால் அது விடுபட்ட பதில் என்று மென்பொருளுக்குச் சொல்லவில்லை. நாலுக்கு மேல் போகவே முடியாத கேள்விக்குச் சராசரி 4.9 வந்து நின்றது. அதை அப்படியே டேபிளில் ஏற்றி, விளக்கமும் எழுதியிருந்தார்!

மூன்றாவது ஒன்று தமிழில் கேள்வித்தாள் வைப்பவர்களுக்கு. சி.எஸ்.வி. ஆக இறக்கி எக்ஸெலில் திறந்தால் தமிழ் பதில்கள் கோழி கிளறிய மாதிரித் தெரியும். டேட்டா கெட்டுப்போகவில்லை, எக்ஸெல் வடிவிலேயே இறக்குங்கள். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த கேள்வித்தாளையும் யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஃபார்மில் ஏற்றுங்கள்.

எஸ்.பி.எஸ்.எஸ். உரிமம் லேபில் சில சிஸ்டங்களில்தான் இருக்கும், எங்கள் லேபிலும் அப்படித்தான். அதற்காகத் திருட்டு காப்பியைப் பென் டிரைவில் சுமந்து வந்து, எல்லா சிஸ்டத்துக்கும் வைரஸ் ஏற்ற வேண்டாம். ஜாஸ்ப், ஜமோவி இரண்டும் இலவசம், எஸ்.பி.எஸ்.எஸ். ஃபைலையே திறக்கும், முதுகலை ப்ராஜெக்டுக்குத் தாராளமாகப் போதும். ஜாஸ்ப் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் உளவியல் துறையில் பிறந்தது, அதாவது நம் ஆட்கள் நமக்காகச் செய்தது.

எங்கள் லேப் ரெஜிஸ்டரில் உள்ளே வரும் நேரம், வெளியே போகும் நேரம், கையெழுத்து என்று மூன்று கட்டங்கள் இருந்தன. இப்போது நாலாவது ஒன்று ஸ்கேலால் கோடு போட்டுச் சேர்த்திருக்கிறோம்: 'எடுத்தாச்சா?' டிக் அடிக்காமல் போனால் லேப் அண்ணன் வாசல்வரை வந்து கூப்பிடுவார். செவ்வாய், வியாழன் மதியம் இரண்டு மணிக்கு மேல் நான் அங்கேதான் இருப்பேன். டேட்டா எடுப்பதற்கு முன்பே வாருங்கள், வெறும் கேள்வித்தாளோடு.