கேட்வே பெட்டி மாட்டியாச்சு, அப்புறம்?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சிறிய, நடுத்தர அலுவலகங்களுக்கு நெட்வொர்க் பார்த்துக்கொடுப்பது என் தொழில். துறைமுகத்தை நம்பியிருக்கும் கிளியரிங் ஏஜென்ட்டுகள், கணக்காளர்கள், கிளினிக்குகள் என்று பலர். தலைமை அலுவலகம் இங்கே இருக்கும், கிளை பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலோ ஜோகன்னஸ்பர்க்கிலோ இருக்கும், பாதிப் பேர் வீட்டிலிருந்து வேலை செய்வார்கள். எல்லாரையும் சேர்க்க வி.பி.என் கேட்வே பெட்டி ஒன்றை, அதாவது வெளியே இருப்பவர்களை இணையம் வழியாகப் பூட்டிய பாதையில் அலுவலக நெட்வொர்க்குக்குள் விடும் வாசல் கருவியை, வாங்கி ரேக்கில் மாட்டுகிறார்கள். பச்சை விளக்கு எரிந்ததும் பாதுகாப்பு வேலை முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள். எனக்குக் கவலை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அந்தப் பெட்டி இரவும் பகலும் இணையத்தைப் பார்த்தபடி நிற்கிறது. உலகத்தில் யார் வேண்டுமானாலும் அதைத் தட்டிப் பார்க்கலாம். அதனால் திருடர்கள் முதலில் தேடுவதே பெட்டியின் சொந்த ஓட்டையைத்தான். ஃபோர்டினெட் என்ற நிறுவனம் தயாரிக்கும் இத்தகைய கருவிகளில் இருந்த ஓர் ஓட்டைக்கு 2019-இலேயே திருத்தம் வந்துவிட்டது. ஆனாலும் 2021 செப்டம்பரில் சுமார் 87,000 கருவிகளின் வி.பி.என் பயனர் பெயர்களும் பாஸ்வேர்டுகளும் வெளியே கசிந்தன. திருத்தம் போட்டிருந்தாலும் பாஸ்வேர்டை மாற்றாதவர்களுக்கு ஆபத்து தொடர்கிறது என்று அந்த நிறுவனமே எச்சரித்தது. 2023-இல் சிட்ரிக்ஸ் என்ற இன்னொரு நிறுவனத்தின் கருவிகளில் வந்த ஓட்டை இன்னும் மோசம். ஏற்கெனவே லாகின் ஆகியிருந்தவரின் செஷனையே, அதாவது திறந்திருந்த இணைப்பையே, திருடிக்கொண்டார்கள், பாஸ்வேர்டும் ஓ.டி.பி.யும் குறுக்கே வரவில்லை. அப்டேட் போட்டபின் திறந்திருக்கும் செஷன்கள் எல்லாவற்றையும் துண்டித்தால்தான் பலன். நான் புதிதாகப் போகும் இடங்களில் அப்டேட் போட்டிருப்பார்கள், இந்த இரண்டாவது வேலையைச் செய்திருக்க மாட்டார்கள்.

இங்கே தென்னாப்பிரிக்காவில் கூடுதலாக ஒரு சிக்கல். 2023-இல் லோட் ஷெட்டிங் எனும் முறைவைத்த மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது, ஃபைபர் போனால் சமாளிக்கக் கிளைக்குக் கிளை மொபைல் சிம்மில் ஓடும் எல்.டி.இ ரவுட்டர் வாங்கினார்கள். மின்வெட்டு குறைந்துவிட்டது, ரவுட்டர்கள் அங்கேயே இருக்கின்றன. லைன் போனதும் கிளையிலிருந்து போன் வரும்: "அண்ணா, ஃபைபர் போயிடுச்சு, அந்தச் சின்ன ரவுட்டரை நேரா சுவிட்ச்ல சொருகிடட்டுமா?" சொருகினால் நெட் வரும், ஆனால் கேட்வே பெட்டி ஓரமாக நிற்கும், வேண்டாததைத் தடுக்கும் ஃபயர்வாலும் தலைமை அலுவலகத்துக்குப் போகும் பூட்டிய பாதையான டன்னலும் இல்லை. தலைமை அலுவலகத்து அக்கவுண்ட்ஸ் சர்வரைத் தொட முடியாது. அதற்காகத் தலைமை அலுவலகத்தில் யாரோ ஆர்.டி.பி.யின், அதாவது தூரத்திலிருந்து கணினியை இயக்கும் வசதியின், 3389 போர்ட்டை "இன்னைக்கு மட்டும்" என்று இணையத்துக்குத் திறந்துவிடுவார்கள். மாலையில் ஃபைபர் வந்துவிடும், திறந்த போர்ட்டை மூட யாருக்கும் ஞாபகம் இருக்காது. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் கும்பல்கள் ஓயாமல் தேடிக்கொண்டிருக்கும் போர்ட் அது.

இதற்குத் தீர்வு சுலபம்தான். எல்.டி.இ ரவுட்டரைச் சுவிட்சில் சொருகாமல் கேட்வே பெட்டியின் இரண்டாவது வான் (WAN) போர்ட்டில், அதாவது வெளி இணைப்புக்கான துளையில், சொருகுங்கள். டன்னலைக் கிளைப் பக்கத்திலிருந்து தொடங்கும்படி அமையுங்கள். கிளையை அதன் ஐ.பி. முகவரியை வைத்து அடையாளம் காணாமல் பெட்டிக்குள் வைக்கும் டிஜிட்டல் சான்றிதழை வைத்து அடையாளம் காணச் செய்யுங்கள். மொபைல் நெட்வொர்க்கில் தனி முகவரி கிடைக்காவிட்டாலும் ஐ.பி.செக் என்ற வகை டன்னல் யு.டி.பி. 4500 என்ற போர்ட் வழியாக எழுந்துவிடும். தலைமை அலுவலகத்தில் ஆர்.டி.பி.யைத் திறக்க வேண்டிய தேவையே வராது. பெட்டிக்கும் ஃபைபர் கருவிக்கும் ஒரு சின்ன யு.பி.எஸ் வையுங்கள், பாதி அழைப்புகள் அதிலேயே குறையும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெட்டியின் நிர்வாகப் பக்கம் இணையத்திலிருந்து திறக்கவே கூடாது. வேலையை விட்டுப் போனவரின் கணக்கை அன்றே மூடுங்கள். 2021-இல் அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் முடங்கியது, யாரும் பயன்படுத்தாமல் கிடந்த ஒரு பழைய வி.பி.என் கணக்கு வழியாகத்தான். அதில் இரண்டாம் அடுக்குச் சரிபார்ப்பு இல்லை. உள்ளே வந்தவருக்கு மொத்த நெட்வொர்க்கையும் காட்டாதீர்கள், கணக்காளருக்குக் கணக்கு சர்வர் போதும். தயாரித்த நிறுவனம் ஆதரவை நிறுத்திவிட்ட பெட்டி எவ்வளவு நன்றாக ஓடினாலும் கழற்றிவிடுங்கள். செலவுதான், ஆனால் இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

லாக், அதாவது பெட்டி எழுதிவைக்கும் நடமாட்டப் பதிவு, அதைப் பற்றிப் பெரும்பாலோர் யோசிப்பதில்லை. நம் நாட்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போப்பியாவின்படி, வாடிக்கையாளரின் தகவல் வேறொருவர் கைக்குப் போய்விட்டதாக நம்ப நியாயமான காரணம் இருந்தால், தகவல் ஒழுங்குமுறை ஆணையத்துக்கும் சம்பந்தப்பட்டவர்களுக்கும் கூடிய விரைவில் சொல்லியாக வேண்டும். அபராதம் 1 கோடி ராண்ட் வரை போகலாம். யார், எப்போது, எந்த சர்வர் வரை வந்தார் என்று சொல்ல லாக் வேண்டும். பல சின்னப் பெட்டிகளில் லாக் உள் நினைவகத்தில்தான் இருக்கும், ரீஸ்டார்ட் ஆனால் போய்விடும். பெட்டிக்குள் புகுந்தவரும் முதலில் அதைத்தான் அழிப்பார். அதனால் லாக்கை, பதிவுகளை அனுப்பும் சிஸ்லாக் வசதி வழியாக வேறொரு கணினிக்கு அனுப்பிவையுங்கள். பெட்டியின் நிர்வாகப் பாஸ்வேர்டையே அந்தக் கணினிக்கும் வைக்கவே கூடாது.