மின்கலம் கேட்காத பின்விளக்கு

டியூஷன் முடிந்து இரவில் சைக்கிளில் திரும்பும் மகளுக்கு நம்பகமான பின்விளக்கு ஒன்று வாங்க வேண்டும், எதைப் பார்த்து வாங்குவது என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். கடையில் கேட்டால், விளக்கு எத்தனை விதமாக மின்னும் என்பதைத்தான் முதலில் செய்து காட்டுவார்கள். ஆனால் பின்விளக்குக்கென்று ஒரு தனிச் சங்கடம் உண்டு. முன்விளக்கு அணைந்தால் சாலை இருண்டுவிடும். பின்விளக்கு அணைந்தாலோ ஓட்டுபவருக்கு எதுவும் மாறியதாகவே தெரியாது. ஆகவே அது எவ்வளவு பிரகாசமாக எரியும் என்பதைவிட, எந்தெந்த வழிகளில் அணையக்கூடும் என்பதையே முதலில் விசாரிக்க வேண்டும்.

மின்சாரப் பகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சிவப்பு எல்இடி எரிய ஏறத்தாழ 2 வோல்ட் போதும் என்பதால், இரண்டு சிறிய பென்சில் செல்களே பல இரவுகளுக்கு வரும். பழுது பெரும்பாலும் எல்இடியில் வருவதில்லை. செல்லைத் தாங்கும் ஸ்பிரிங்கிலும் நீர் புகும் இடுக்கிலும்தான் வருகிறது. சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது செல் ஒரு கணம் ஸ்பிரிங்கை விட்டு விலகினால், அழுத்துபொத்தான் வைத்த பல விளக்குகளில் உள்ள சில்லு, மின்சாரம் திரும்பியதும் அணைந்த நிலையிலிருந்தே தொடங்கும். என் பழைய விளக்கு ஒன்று ரயில்வே கேட்டைத் தாண்டும்போதெல்லாம் இப்படி அணைந்துகொண்டிருந்ததை, பின்னால் வந்த பால்காரர் சொல்லித்தான் பல வாரங்கள் கழித்து அறிந்தேன். விளக்கை எரியவிட்டு உள்ளங்கையில் நாலைந்து முறை பலமாகத் தட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். சார்ஜ் செய்யும் வகையானால், அதன் துளையை மூடும் ரப்பர் மூடி இறுக்கமாக உட்கார்கிறதா என்றும் பாருங்கள்.

மின்னும் விளக்கா, நின்று எரியும் விளக்கா என்பதில் நாடுகளே ஒத்துப்போவதில்லை. ஜெர்மனியில் சைக்கிளின் பின்விளக்கு மின்னக் கூடாது. பிரிட்டனில் 2005 முதல் மின்னலாம். நின்று எரிவதே மேல் என்பது என் கட்சி. மின்னும் புள்ளி கண்ணில் சட்டென்று படும், ஆனால் அது எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று கணிப்பது கடினம்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமாக, ரிஃப்ளெக்டர் சேர்ந்த விளக்காகப் பார்த்து வாங்குங்கள், அல்லது மட்கார்டில் தனியாக ஒன்றைப் பொருத்துங்கள். அந்தச் சிவப்பு வில்லையைக் கையிலெடுத்து உற்றுப் பார்த்தால், தேன்கூடு போல அறுகோணங்கள் வரிசையாகத் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு பெட்டியின் மூலை, அதாவது ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று தளங்கள் கூடும் இடம். கேரம் பலகையில் குழியில் விழாமல் அடுத்தடுத்த இரண்டு சட்டங்களிலும் பட்டுத் திரும்பும் ஸ்டிரைக்கர், ஏறக்குறைய தான் போன பாதைக்கு இணையாகவே திரும்பி வருவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு சட்டம் இடவலத்தைத் திருப்புகிறது, மற்றது முன்பின்னைத் திருப்புகிறது. ரிஃப்ளெக்டரில் மூன்றாவது தளம் மேல்கீழையும் திருப்பிவிடுவதால், ஒளி எங்கிருந்து வந்ததோ அங்கேயே போய்ச் சேருகிறது. சைக்கிள் சற்றுச் சாய்ந்தாலும், லாரி வளைவிலிருந்து வந்தாலும் இந்தக் கணக்கு மாறுவதில்லை.

நிலவுக்குப் போய் என்ன கண்டோம் என்று கேட்பவர்கள் இதைக் கவனிக்கலாம்: 2023இல் நிலவில் இறங்கிய நம் விக்ரம் தரையிறங்கு கலத்தின் மேலும் இதே போன்ற எட்டு மூலைகள் கொண்ட, நாசா தந்த ஒரு சிறு கருவி இருக்கிறது. அவ்வாண்டு டிசம்பர் 12 அன்று, சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில் நிலவைச் சுற்றிவந்த நாசாவின் எல்ஆர்ஓ விண்கலம் அனுப்பிய லேசர் ஒளியை அது மின்சாரம் எதுவும் இல்லாமலே திருப்பி அனுப்பியது. ஆராய்ச்சிக்குச் செலவிடும் பணம் வீண் என்பவர்களோடு எனக்குச் சண்டை உண்டு.

அந்தத் தளங்களுக்கு வெள்ளிப்பூச்சு எதுவும் கிடையாது என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த செய்தி. வில்லை பெரும்பாலும் அக்ரிலிக்கால் ஆனது; அக்ரிலிக்குக்கும் காற்றுக்கும் இடையே மாறுநிலைக் கோணம், அதாவது ஒளி அதைவிடச் சாய்வாக விழுந்தால் வெளியேறாமல் முழுவதும் உள்ளேயே திரும்பிவிடும் எல்லை, ஏறத்தாழ 42 பாகை. நேராக உள்ளே நுழையும் ஒளி ஒவ்வொரு தளத்திலும் 54.7 பாகை படுகோணத்தில் விழுகிறது. 42ஐவிட அது அதிகம் என்பதால், பள்ளியில் படித்த முழு அக எதிரொளிப்பு மூன்று முறை நிகழ்ந்து ஒளி முழுவதும் திரும்புகிறது. இப்போது வில்லை விரிசல் விட்டு மழைநீர் பின்பக்கம் புகுந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். அக்ரிலிக்குக்கும் நீருக்கும் இடையே மாறுநிலைக் கோணம் 63 பாகையாக உயர்ந்துவிடுகிறது, 54.7 அதற்குக் குறைவு. ஒளியின் பெரும்பகுதி பின்வழியாகக் கசிந்துவிட, நீர் ஒட்டிய ஒவ்வொரு மூலையும் குருடாகிவிடுகிறது. வில்லையின் பின்புறம் காற்றுப் புகாமல் மூடி ஒட்டப்பட்டிருப்பது உள்ளே இருக்கும் அந்த மெல்லிய காற்றுப் படலத்தைக் காப்பதற்காகத்தான்.

மூலைகள் மிகத் துல்லியமாக இருந்தாலும் ஆபத்துதான். ஒளி முழுவதும் காரின் முகப்பு விளக்குக்கே போய்விடும். ஓட்டுநரின் கண்ணோ அதற்குச் சுமார் 60 சென்டிமீட்டர் மேலே இருக்கிறது. 100 மீட்டர் தொலைவில் அது மூன்றில் ஒரு பாகை. அந்த அளவுக்கு ஒளி விரியும்படி சிறு பிசகு வைத்தே வார்க்கிறார்கள்.

முகப்பு விளக்கின் ஒளி படாதவரை ரிஃப்ளெக்டர் வெறும் பிளாஸ்டிக்தான் என்பதால், எரியும் விளக்கும் வேண்டும். பழைய ரிஃப்ளெக்டரைச் சோதிக்க, இருட்டில் இருபதடி தள்ளி நின்று, கைபேசியின் டார்ச்சை நெற்றிப்பொட்டை ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். வில்லை முழுதும் ஒரே சிவப்பாக ஒளிர வேண்டும். நடுவே கரும்பொட்டுகள் தெரிந்தால் முதலில் துணியால் துடையுங்கள். அதன் பிறகும் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது, மாற்றிவிடுங்கள்.