ஸ்பீக்ஈஸி: தமிழில் கமுக்கக்கூடம்

அக்கா மகனுக்கு 25 வயது முடிந்தது. பெங்களூரில் வேலை. பிறந்தநாள் ராத்திரி நண்பர்கள் அவனை ஒரு புத்தகக் கடைக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள். ஒரு குறிப்பிட்ட புத்தகத்தைப் பிடித்து இழுத்ததும் அலமாரியே கதவாகத் திறந்ததாம். உள்ளே மங்கலான வெளிச்சம், மெல்லிய பாட்டு, கோப்பை கோப்பையாகக் காக்டெய்ல். விடுப்பில் ஊருக்கு வந்தவன், இராமநாதபுரம் மாவட்டத்து உச்சிப்புளிப் பக்கம் எங்கள் பனங்காட்டில் ஓலைப் பட்டையில் பதனி குடித்துக்கொண்டே கேட்டான்: "மாமா, ஸ்பீக்ஈஸிக்குத் தமிழ்ல என்ன சொல்றது?"

ஸ்பீக் என்றால் பேசு. சரி. ஈஸியை 'எளிது' என்று எடுத்துக்கொண்டால்தான் சறுக்கல். இங்கே அதற்கு 'மெல்ல' என்று பொருள். மெல்லப் பேசு, பக்கத்து வீட்டுக்கும் போலீசுக்கும் கேட்டுவிடக் கூடாது. 1823இல் பிரிட்டனில் வெளிவந்த கொச்சைச் சொல் அகராதி ஒன்றில் 'மெல்லப் பேசும் கடை' என்ற பொருள்படும் தொடர் இருக்கிறது. அது குறித்தது கடத்தல்காரனின் வீட்டை. அமெரிக்காவில் 1880களிலேயே உரிமம் இல்லாத மதுக்கடைக்கு ஸ்பீக்ஈஸி என்ற பெயர் வந்துவிட்டது. 1920 ஜனவரியில் அந்த நாடு முழுக்க மதுவிலக்கு வந்தது. 1933 டிசம்பரில் அதை நீக்கும்வரை ஊருக்கு ஊர் இப்படிக் கடைகள் பெருகின. இன்றைக்கு உரிமம் வாங்கி, வரி கட்டி நடக்கும் கடைகளும் அதே பெயரை வைத்துக்கொள்கின்றன. இப்போது ஒளிவு ஒரு விளையாட்டு, அவ்வளவுதான்.

அதனால் 'கள்ளமதுக்கடை' என்பது சரிப்படாது. கள்ளச்சாராயம் என்றாலே குற்றமும் சாவும்தான் நினைவுக்கு வரும். கள்ளத்தோணி என்ற சொல் எங்கள் கரைக்கு இன்னும் வலிக்கிற சொல். இங்கிருந்து கடல் தாண்டிப்போன மக்களை, அவர்கள் பேரப்பிள்ளைகளைக்கூட, இலங்கையில் அந்தச் சொல்லால்தான் இழிவுபடுத்தினார்கள். பிறந்தநாள் கொண்டாடப் போன பையன் தலையில் 'கள்ள'வைக் கட்ட எனக்கு மனமில்லை. 'ஒளி'யும் வேண்டாம், ஒளிமதுக்கூடம் என்றால் விளக்குப் போட்ட கடை என்று படிப்பார்கள்.

எனக்குப் பிடித்த சொல் கமுக்கம். பெண் பார்த்துவிட்டுப் போனதை வெளியே விடாத வீட்டைப் பற்றி, "பூ வைக்கிற வரைக்கும் கமுக்கமா இருந்துட்டாக" என்பார்கள். இரகசியம் என்ற சொல்லின் வேலை மறைப்பதோடு முடிந்துவிடும். கமுக்கத்திலோ இரகசியமும் உண்டு, வாயடக்கமும் உண்டு. மெல்லப் பேசு என்ற மூலச் சொல்லின் உயிரே அந்த வாயடக்கம்தானே. குற்ற வாடையும் இல்லை. எனவே கமுக்கக்கூடம். மதுவைச் சேர்த்துச் சொல்ல வேண்டிய இடத்தில் கமுக்க மதுக்கூடம்.

அப்புறம் காக்டெய்ல். சேவல்வால் என்று பெயர்க்க வேண்டாம். சொல் எப்படிப் பிறந்தது என்பதற்குக் கதைகள் ஏராளம். பொருள் மட்டும் தெளிவு: 1806இல் நியூயார்க் மாநிலத்து ஹட்சன் நகரப் பத்திரிகை ஒன்று, ஏதாவது ஒரு மது, சர்க்கரை, தண்ணீர், கசப்புச்சாறு ஆகிய நான்கும் சேர்ந்தது என்று விளக்கியது. 'கலவை மது' என்று தாராளமாகச் சொல்லலாம். ஆனால் என் ஆசை 'கலவைத் தேறல்'. தேறல் என்றால் தெளிந்த கள். நல்ல கலங்களில் யவனர், அதாவது கிரேக்க, ரோமானிய வணிகர், கொண்டுவந்த குளிர்ந்த, மணக்கும் தேறலைப் பருகி இன்புற்றிரு என்று பாண்டியன் நன்மாறனை நக்கீரர் புறநானூற்று 56ஆம் பாட்டில் வாழ்த்தியிருக்கிறார். நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பக்கத்து ஊரான அழகன்குளத்தில், வைகை கடலில் சேரும் இடத்தருகே தோண்டியபோது, ரோமானியர் மது ஏற்றிவந்த கூர்அடிச் சாடிகளின் உடைந்த துண்டுகள் கிடைத்தன. வெளியூர் மதுவைக் குறிக்க இந்தக் கரையில் அன்றே புழங்கிய சொல் அது. அதை விட்டுவிட்டு வேறு எதைத் தேடுவது?

"அப்ப இந்தப் பதனியும் தேறலா மாமா?" என்று பட்டையைத் தூக்கிக் காட்டினான். கலயத்தின் உட்புறத்தைக் காட்டினேன். வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருந்தது. சுண்ணாம்பு தடவினால் சாறு புளிக்காது, பதனியாகவே நிற்கும். தடவாமல் விட்டால் கள். கள் இறக்கத் தமிழ்நாட்டில் தடை இருப்பதால் எங்கள் பனையேறிகள் சுண்ணாம்பு இல்லாமல் கலயம் கட்டுவதில்லை. புளித்தால்தான் மாப்ளே தேறல். மது சேராத மாக்டெய்லுக்கு அந்தப் பெயர் ஆகாது. அதைக் கலவைப் பானகம் என்று சொல்லிக்கொள்.