கரண்ட் போன பிறகும் நிற்காத ஸ்வரம்

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த்தில் ஒரு கோயில் மண்டபத்தில் புரட்டாசிக் கச்சேரி. முதலில் பிள்ளைகள் எட்டுப் பேர் வரிசையாக நின்று பாடினார்கள், கையில் ஆங்கில எழுத்தில் அச்சடித்த தாள். (டர்பனில் எங்கள் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பாட்டு அந்த வழியாகத்தான் வருகிறது, அதைக் குறை சொல்லிப் பயனில்லை.) பாதிப் பாட்டில் லோட்ஷெடிங். விளக்கும் மைக்கும் போயின, பாட்டும் அங்கேயே நின்றது. அப்புறம் பெரிய பாடகி வந்து உட்கார்ந்தார். மைக் வேண்டாம் என்றார். இரண்டு போன் வெளிச்சத்தில் கல்பனாஸ்வரம் பாடத் தொடங்கியவர் கால் மணி நேரம் விடவில்லை. பக்கத்தில் இருந்த பெரியம்மா என் தொடையைத் தட்டி, "இதெல்லாம் பொறப்புலயே வரணும்டா, சாமி குடுத்தது" என்றார்.

பெரியம்மா சொன்னதில் பாதி சரி. மற்றப் பாதிதான் சுவாரசியம்.

கல்பனாஸ்வரம் என்றால் பாட்டின் ஒரு அடியை எடுத்துக்கொண்டு, அதற்கு முன்னால் ச ரி க ம என்று ஸ்வரங்களை அந்த நிமிஷத்திலேயே கோத்துப் பாடி, அடி தொடங்கும் எடுப்பில் மிகச் சரியாக வந்து விழ வேண்டும். ராகம் கெடக்கூடாது, தாளம் தப்பக்கூடாது. கணக்கைப் பாருங்கள். ஆதி தாளம் 8 அட்சரம், அட்சரத்துக்கு 4 மாத்திரை, ஆக ஒரு ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு சுற்று, 32 மாத்திரை. ஐந்து ஸ்வரம் கொண்ட பிடி ஒன்றை மூன்று தடவை பாடி, நடுவே இரண்டு இடத்தில் ஒரு மாத்திரை கார்வை (இடைவெளி) விட்டால் 17. அப்படியானால் சமத்திலிருந்து (சுற்று தொடங்கும் இடம்) 15 மாத்திரை வேறெதையாவது பாடிவிட்டு இதைப் பிடித்தால் அடுத்த சமத்தில் இறங்கலாம். எடுப்பு அரை அட்சரம் தள்ளியிருந்தால் 15 அல்ல, 17 கழித்துப் பிடிக்க வேண்டும். இதைத் தாளில் எழுதவே நான் இரண்டு தடவை விரல்விட்டு எண்ணினேன். அந்த அம்மா இருட்டில், ராகத்தையும் பார்த்துக்கொண்டு, மிருதங்கக்காரரைப் பார்த்துச் சிரித்தபடியே செய்கிறார்.

எப்படி முடிகிறது? 1973இல் சேஸ், சைமன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சதுரங்க ஆட்டக்காரர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். நிஜ ஆட்டத்தின் நடுவிலுள்ள பலகையைச் சில விநாடி காட்டி மறைத்தால், தேர்ந்த ஆட்டக்காரர் காய்களைப் பெரும்பாலும் சரியாகத் திருப்பி வைத்துவிடுகிறார், புதியவர் திணறுகிறார். அதே காய்களைக் கன்னாபின்னாவென்று வைத்துக் காட்டினால் தேர்ந்தவருக்கும் புதியவருக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. நமக்கு ஐந்து காயாகத் தெரிவது அவருக்கு ஒரே கொத்தாகத் தெரிகிறது, அவ்வளவுதான் ரகசியம். மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் என்று பிள்ளைகளை வருஷக்கணக்கில் சலிப்பேற்றுவதும் இந்தக் கொத்துகளைக் கட்டத்தான். நாக்குக்கும் தாளம் போடும் கைக்கும் அது பழகிய பிறகு எண்ணும் வேலையைத் தனியாக ஒருவர் பார்க்க வேண்டியதில்லை.

அந்த "ஒருவர்" யார் என்று 2008இல் அமெரிக்காவில் சார்ல்ஸ் லிம், ஆலன் பிரான் இருவரும் எட்டிப் பார்த்தார்கள். ஜாஸ் பியானோக்காரர்களை ஸ்கேன் இயந்திரத்துக்குள் படுக்கவைத்து, உள்ளே பெரிய காந்தம் இருப்பதால் அதற்கென்றே செய்த சின்ன கீபோர்டைக் கொடுத்து, மனப்பாடமான மெட்டை ஒரு தடவையும் அந்தக் கணத்தில் தோன்றுவதை ஒரு தடவையும் வாசிக்கச் சொன்னார்கள். தோன்றியபடி வாசிக்கும்போது, நெற்றிக்குப் பின்னால் பக்கவாட்டில் இருக்கும் பகுதி, அதாவது நாம் செய்வதை மேற்பார்த்துத் திருத்தும் பகுதி, அடங்கிப்போனது. நடுப்பகுதியில் ஓரிடம், தன்னைப் பற்றிச் சொல்லும்போது வேலை செய்யும் இடம், கூடுதலாக இயங்கியது. உள்ளே பிரம்போடு உட்கார்ந்திருக்கும் வாத்தியார் கொஞ்சம் கண்ணயர்ந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சோதனையில் இருந்தது ஆறே பேர், அதுவும் ஜாஸ், ஆகவே இதை வைத்து ஆகாசக் கோட்டை கட்ட வேண்டாம். ஆனால் 2014இல் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் பியானோக்காரர்களை வைத்து நடந்த ஆய்வும் கிட்டத்தட்ட அதே பக்கம்தான் கை காட்டியது. சொந்தமாக இட்டுக்கட்டி வாசித்த மணிநேரம் கூடக் கூட அந்த மேற்பார்வைப் பகுதிகளின் வேலை குறைந்தது. எழுதிவைத்ததை வாசித்த மணிநேரத்தைக் கழித்துப் பார்த்தாலும் அந்தத் தொடர்பு நின்றது. கீர்த்தனை நூறு பாடமாக இருந்தும் ஸ்வரம் பாடச் சொன்னால் நம்மில் பலர் விழிப்பது எதனால் என்பதற்கு எனக்குக் கிடைத்த நல்ல பதில் இதுதான்.

மொசார்ட்டுக்கு முழு சிம்பொனியும் ஒரே காட்சியாக மனதில் வந்து இறங்கும் என்று அவரே எழுதியதாக ஒரு கடிதம் உலவுகிறது. 1815இல் ரோஹ்லிட்ஸ் என்பவர் அச்சிட்ட அந்தக் கடிதம் பொய்க் கடிதம் என்பது ஆராய்ச்சியாளர்களின் முடிவு. 1785இல் ஹைடனுக்குக் காணிக்கையாக்கிய ஆறு குவார்ட்டெட்டுகளை (நான்கு வாத்தியத்துக்கான படைப்புகள்) நீண்ட, கடினமான உழைப்பின் பலன் என்றுதான் மொசார்ட் எழுதினார். நமக்கு முதல் கதைதான் பிடிக்கிறது, உழைக்காததற்கு அது நல்ல சாக்கு.

சரி, பெரியம்மாவின் பாதி? அதே 2014இல் ஸ்வீடனில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இரட்டையர்களைப் பார்த்தார்கள். எவ்வளவு சாதகம் செய்கிறோம் என்பதிலேயே பரம்பரையின் பங்கு கணிசமாக இருந்தது. உருவம் ஒத்த இரட்டையரில் ஒருவர் அதிகம் பயின்றிருந்தாலும், சுருதி, தாளம், மெட்டு இவற்றில் வித்தியாசம் கண்டுபிடிக்கும் திறமை இருவருக்கும் ஒன்றுபோலவே இருந்தது. அவர்கள் அளந்தது கேட்கும் திறமையை, பாடுவதை அல்ல. ஆனாலும் விடியற்காலையில் தம்புரா போட்டு உட்காரும் பிடிவாதமே பாதி பிறப்பில் வருவது என்றால், சாமி குடுத்தது எது, நாம் சம்பாதித்தது எது என்று கோடு போடுவது லேசில்லை.

கச்சேரி முடிந்து வெளியே வந்தால், கேட் பக்கம் ஒரு ஜூலு இளைஞர் கிட்டாரோடு மஸ்கண்டி என்ற ஜூலு நாட்டுப்புற இசையை வாசித்துக்கொண்டிருந்தார். அதிலும் பாட்டுக்கு முன்னால் இசிஹ்லாபோ என்று விரல்களை ஓடவிடுவார்கள், சுருதி சரியா, கை எப்படி என்று காட்டும் ஒரு குட்டி ஆலாபனை மாதிரி. தாளைப் பிடித்துப் பாடிய பிள்ளைகளில் ஒருத்தி, என் அக்கா பேத்தி, அவர் எதிரே நின்று தொடையில் தாளம் போட்டுக்கொண்டு ஏதோ ச ரி க ம முணுமுணுத்தாள். சமத்துக்கு ஒரு மாத்திரை முன்னாலேயே வந்து விழுந்தாள். சிரித்துவிட்டு மறுபடி தொடங்கினாள்.