பயான் முடிந்த பிறகுதான் வகுப்பு தொடங்குகிறது

திருமணத்துக்கு முன் ஆலோசனைக்கு வரும் பெண்களிடம் நான் முதலில் கேட்பது, "மஹர் எவ்வளவு பேசியிருக்கிறார்கள்?" என்றுதான். மணமகன் மணமகளுக்குக் கொடுக்க வேண்டிய மணக்கொடை அது. பெரும்பாலும் பதில் உம்மாவிடமிருந்து வரும். பெண்களின் மஹரை அவர்களிடமே கொடுத்துவிடுங்கள் என்கிறது குர்ஆன் (4:4). உரிமைக்காரிக்கே அதன் கணக்கு தெரியவில்லை என்றால், குடும்பக் கல்வியை எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை.

முஸ்லிம் பெண்கள் அமைப்புகளுக்கு இங்கேதான் வேலை இருக்கிறது. பெண்களுக்கெனத் தனி வகுப்பு நடத்துவதைப் புதுமை என்று முகம் சுளிப்பவர்களுக்கு, நபிமொழித் தொகுப்பான ஸஹீஹ் புகாரியில் ஒரு செய்தி உண்டு. ஆண்களே எப்போதும் உங்களைச் சூழ்ந்திருக்கிறார்கள், எங்களுக்கென ஒரு நாள் ஒதுக்குங்கள் என்று பெண்கள் நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். நபியவர்களும் ஒதுக்கிக் கொடுத்தார்கள். பிற்காலத்திலும் முன்னுதாரணம் உண்டு. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் 1917இல் தொடங்கிய ஆயிஷியா பெண்கள் இயக்கம், இரண்டே ஆண்டுகளில் மழலையர் பள்ளி நடத்தத் தொடங்கிவிட்டது.

ஆனால் பல அமைப்புகளின் கூட்டம் பயானோடு, அதாவது மார்க்கச் சொற்பொழிவோடு, முடிந்துவிடுகிறது. மார்க்கக் கல்வி கற்ற ஆலிமா பேசுவார், துஆ ஓதுவார், எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். நான் போகும் வகுப்புகளில் ஒரு பெட்டி வைக்கச் சொல்வேன். பெயர் எழுத வேண்டாம், கேள்வி மட்டும் போதும். வரும் சீட்டுகளைப் பிரித்தால், மேடையில் யாரும் தொடாத விஷயங்களே அதிகம்: குளிப்புக் கடமை, இத்தா காலச் (மணமுறிவுக்கோ கணவரின் மறைவுக்கோ பின் பெண் காத்திருக்கும் காலம்) செலவு, தாய்வீட்டுச் சொத்தில் பங்கு கேட்டால் உறவு முறிந்துவிடுமோ என்ற பயம். "குலா கேட்பது பாவமா?" என்று ஒரு சீட்டு தவறாமல் இருக்கும். மனைவியே கேட்டுப் பெறும் மணவிலக்குதான் குலா. ஸாபித் இப்னு கைஸின் மனைவி, மஹராகப் பெற்ற தோட்டத்தைத் திருப்பிக் கொடுத்துப் பிரிந்த செய்தியும் புகாரியில்தான் இருக்கிறது. அதைப் படித்துக் காட்டியதும் அறை அப்படியே அமைதியாகிவிடும். ஆண் இமாமின் முன் இந்தக் கேள்விகள் வராது. வரும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

பிள்ளை வளர்ப்பு வகுப்புகளில் எனக்கொரு மனக்குறை உண்டு: அழைப்பு தாய்மார்களுக்கு மட்டும்தான் போகிறது. குர்ஆனின் லுக்மான் அத்தியாயத்தில் மகனுக்கு அறிவுரை சொல்பவர் தந்தை. இரண்டு வருடத்துக்கு முன்பே குழந்தையின் பாலை நிறுத்துவதாக இருந்தால்கூட, கணவனும் மனைவியும் கலந்து பேசி, இருவரும் சம்மதித்துச் செய்யட்டும் என்கிறது குர்ஆன் (2:233). பாலுக்கே மஷூரா (கலந்தாலோசனை) வேண்டும் என்றால், பள்ளிக்கும் கைபேசிக்கும் வேண்டாமா? வாப்பாமாரையும் கூப்பிடுங்கள். முதல் கூட்டத்துக்கு நாலு பேர் வந்தாலும் போதும்.

கடைசியாக ஒன்று. அடி வாங்கிவிட்டு வரும் பெண்ணிடம் "ஸப்ர் செய்யுங்கள்", பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லித் திருப்பி அனுப்புவது குடும்பக் கல்வியில் சேராது. நம்பகமான வழக்கறிஞர், மருத்துவர், உளநல ஆலோசகர் ஆகியோரின் எண்களை அமைப்பு முன்கூட்டியே திரட்டி வைத்திருக்க வேண்டும். அவை செயலாளரின் கைபேசியில் மட்டும் இருந்தால் போதாது. வகுப்புக்கு வரும் ஒவ்வொரு பெண்ணிடமும் இருக்கட்டும்.